கிட்டப்பாவைக் கண்ட கண்கள்

ஸங்கீத ரஸிகர்களில் இரண்டு வகுப்பார் உண்டு. "கிட்டப்பாவின் பிளேட் எங்கள் வீட்டில் இருக்கிறது" என்று சொல்லிக்கொள்பவர்கள் ஒரு வகுப்பு. "கிட்டப்பாவை நேரில் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்பவர்கள் மற்றொரு வகுப்பு. முதல் வகுப்பார் இசைத் தட்டுகளை அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கலாம். தட்டின் மேல் தூசு படாமல் பட்டுத் துணியால் துடைத்துக் காப்பாற்றி வரலாம். ஆயினும் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்த கிழவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு கூடத்திற்குள் பிரவேசித்துவிட்டால் போதும், முதல் வகுப்பாரின் செல்வாக்கு அந்த க்ஷணமே அஸ்தமித்துவிடும். "இதெல்லாம் என்ன பாட்டு? அந்த மனுஷன் மேடையில் வந்து நின்றதை நீங்கள் பார்க்கவில்லையே!" என்று அவர் ஒரு பெருமூச்சு விடுவார். அதற்குப் பதில் சொல்ல யாரால் முடியும்?

இன்று அந்த இரண்டாம் வகுப்பில் ஆள் கிடையாது. செங்கோட்டை கிட்டப்பா காலமானது 1933-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ஆம் தேதி. அந்த வருஷம் பத்து வயதுப் பையனாக அவருடைய நாடகத்தைப் பார்த்தவர்கூட இன்று நூறு வயதைக் கடந்தவராயிருக்க வேண்டும். எனவே நாம் அனைவருமே இப்போது பிளேட் வகுப்பைச் சேர்ந்தவர்கள்தாம். ஆனால், பார்த்தவர் ஒருவர் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பாக்கியம் நமக்கு ஒரு காலத்தில் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறோம். பாட்டைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாமென்றால், பெரியவர் சொன்னதும் பாட்டோடு நிற்கவில்லை. எங்கள் ஜில்லாவில் பிறகு நடந்தவையும் நிறுத்தவிடவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் சாலையில் தியாகதுருகம் இருக்கிறது. ஊருக்குத் தலைமேல் வைத்தாற்போல் ஒரு பாறைக் குன்று; குன்றின் மேல் கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் மைசூர்க்காரரும் மாறி மாறி இந்தக் குன்றின் மேல் கண் வைத்தார்கள். 1790-ல் திப்பு சுல்தானின் சைன்யம் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை என்று சரித்திரம் சொல்கிறது. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலைத் தொடர் நீல நிறமாகத் தெரியும். எங்கள் சிறு பிராயத்தில் இது தென்னார்க்காடு ஜில்லா. பிறகு 1993-ல் விழுப்புரம் ஜில்லாவாயிற்று. 2019 முதல் கள்ளக்குறிச்சியே ஒரு தனி ஜில்லா.

எங்கள் தெருவில் மல்லாட்டை மண்டிக் கணக்குப்பிள்ளையாயிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். மண்டிக் கணக்கில் அரைக்கால் பலம் தவறாத அந்த மனிதருக்குக் கிட்டப்பா விஷயத்தில் மட்டும் கணக்கு வழக்கே கிடையாது. சாயங்கால வேளைகளில் திண்ணையில் நாங்கள் நாலைந்து பையன்கள் சூழ்ந்துகொண்டு, "தாத்தா, கிட்டப்பா கதை சொல்லுங்க" என்போம். "கதையா தம்பி? கண்ணால் பார்த்ததைக் கதை என்கிறாயே!" என்று முதலில் கோபித்துக்கொள்வார். பிறகு சொல்லுவார்.

அவர் வாலிபத்தில் இரண்டு முறை கிட்டப்பா நாடகம் பார்த்தவர். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய், ரயில் பிடித்து, ஒரு வேளைக் கட்டுச் சோற்றோடு நாடகக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தார்களாம். கீற்றுக் கொட்டகை; முன்னால் மணல் தரை; அதற்குப் பின்னால் பெஞ்சி; அதற்கும் பின்னால் தனவந்தர்களுக்கு நாற்காலி. கியாஸ் லைட்டுகளின் இரைச்சல் ஒரு பக்கம், சோடா விற்பவன் இரைச்சல் ஒரு பக்கம். நாடகம் ஆரம்பிக்க இரவு பத்து மணியாகும். முடியும்போது கிழக்கு வெளுத்துவிடும். டிக்கெட் வாங்கக் காசில்லாதவர்கள் கொட்டகைக்கு வெளியே வண்டிகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு, நுகத்தடியின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் பாட்டில் ஓர் அக்ஷரம் தவறாமல் கேட்டுவிடும் என்பார் பெரியவர். ஒலிபெருக்கி என்பது கொட்டகைக்குள் வராத காலம் அது என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அது எப்படி ஸாத்தியமாயிற்று என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கிட்டப்பா ஐந்து கட்டை சுருதியில் பாடுவார் என்பது அந்நாளில் ஊரறிந்த பேச்சு. கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டை. முதல் வெள்ளைக் கட்டையை ஸட்ஜமமாக வைத்துக்கொண்டு பாடினால் ஒரு கட்டை. ஐந்தாவதை வைத்துக்கொண்டால் ஐந்து கட்டை. நமது ஸங்கீத மேடைகளில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள்தான் பாடுகிறார்கள். ஐந்து கட்டை என்பது பெண்களின் குரலுக்கு உரிய ஸ்தானம். அந்த உயரத்தில் நின்றுகொண்டு, மேல் ஸ்தாயிக்கும் போய், அங்கே பிருகாக்களை உதிர்த்துவிட்டு, மூச்சு வாங்காமல் இறங்கி வருவது சாமானியமான காரியமல்ல. எங்கள் பக்கம் தெருக்கூத்துக்குப் பேர்போன பிரதேசம். திறந்த வெளியில், ஆயிரம் ஜனங்களுக்கு நடுவில், இரவெல்லாம் உரத்த குரலில் பாடும் கூத்தாடிகளைப் பார்த்துப் பழகியவர்கள் எங்கள் ஜனங்கள். குரலின் உயரத்தைக் கண்டு அவர்கள் லேசில் மயங்கமாட்டார்கள். "உயரம் பெரிசில்லை தம்பி, உயரத்தில் இருந்துகொண்டு இனிப்பாயிருந்ததே, அதுதான் பெரிசு" என்று பெரியவர் சொல்வார்.

கிட்டப்பா 1906-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ஆம் தேதி செங்கோட்டையில் பிறந்தவர். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ஸமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. வறுமைப்பட்ட பெரிய குடும்பம். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வயதில் பையன் நாடக மேடைக்குப் போனான். அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளே அவனுக்குப் பள்ளிக்கூடம், குருகுலம், வீடு எல்லாம். தமிழ் நாடகத்துக்கு ஆசானாயிருந்த சங்கரதாஸ் ஸ்வாமிகளின் நாடகங்களைப் பாடி வளர்ந்து, பிறகு காட்சி ஜோடனைகளுக்குப் பெயர்போன கன்னையா கம்பெனியில் சேர்ந்து பிரகாசித்தார். "தசாவதாரம்" நாடகம் கன்னையா கம்பெனிக்கு எவ்வளவு கீர்த்தியைத் தந்ததோ, அவ்வளவு கீர்த்தியைக் கிட்டப்பாவுக்கும் தந்தது.

அந்நாளில் "ஸ்பெஷல் நாடகம்" என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரே கம்பெனியில் ஒன்றாக இருந்து பழகியவர்கள் நடிப்பதல்ல அது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறொரு ஊரிலிருந்து வருவார். பபூன் இன்னோர் ஊரிலிருந்து வருவான். ஒத்திகை என்பதே இல்லாமல் அன்று இரவு மேடையில் சந்திப்பார்கள். எல்லோருக்கும் ஸ்வாமிகளின் பாட்டும் வசனமும் பாடம். அதற்கு மேல் அவரவர் வாக்கு வன்மை, அவரவர் ஸங்கீதம். எனவே ஒரு ஸ்பெஷல் நாடகம் என்பது பாதி நாடகம், பாதி மல்யுத்தம். வேலனும் வள்ளியும் காதல் செய்வதாகக் கதை சொல்லும். ஆனால் இரண்டு பாடகர்கள் போட்டி போடுவதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வந்திருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு போட்டியில்தான் கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் சந்தித்தார்கள். 1926-ல் இலங்கையில் இருவரும் முதன்முதலில் சேர்ந்து நடித்தார்கள். ஒருவர் குரலுக்கு மற்றவர் குரல் தோற்கவில்லை. போட்டி நேசமாயிற்று. 1927-ல் விவாகம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்னமே ஒரு மனைவி உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தம்பதிகள் இருவரும் சேர்ந்து மேடையேறிய நாடகங்களுக்குத் தமிழ்நாட்டில் இருந்த மதிப்பை இப்போது வர்ணித்தால் மிகைப்படுத்துகிறோம் என்று தோன்றும். எங்கள் பெரியவர் பார்த்த இரண்டாவது நாடகம் அவர்கள் இருவரும் சேர்ந்து நடித்த வள்ளி திருமணம். "அந்த அம்மா ஒரு பாட்டைப் பாடி முடித்ததும், இனி இவர் என்ன செய்யப் போகிறார் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இவர் பாடி முடித்ததும், அந்த அம்மா பாவம் என்று தோன்றும். விடிய விடிய இதே அவஸ்தைதான்" என்பார்.

இருவருக்கும் தேச பக்தி உண்டு. கதர் உடுத்தினார்கள். நாடக மேடையில் தேசியப் பாட்டுகள் ஒலித்த காலம் அது. ஸ்ரீ சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ் தலைவர்கள் நடிகர்களை ஒதுக்கி வைக்காமல், அவர்களைத் தேசத் தொண்டர்களாக மதித்துப் பழகினார்கள். கூத்தாடி என்று இளப்பமாகப் பேசப்பட்ட ஒரு கூட்டத்துக்கு அது எவ்வளவு பெரிய கௌரவம் என்பதை நாம் இன்று சுலபத்தில் உணர முடியாது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட முடியுமானால் எவ்வளவோ நன்றாயிருக்கும். ஆனால் கிட்டப்பாவின் வாழ்க்கை இந்த இடத்தில் நிற்கவில்லை. குடிப் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. வயிறும் ஈரலும் கெட்டன. தம்பதிகளுக்குள் மனஸ்தாபம் வந்து, பிரிவும் வந்தது. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளியாயின. அவற்றைப் படித்தவர்கள் அந்தப் பிரிவின் துயரத்தை அறிவார்கள். 1933-ஆம் வருஷக் கடைசியில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. தமிழ் பேசும் படம் வந்து அப்போது இரண்டே வருஷம் ஆகியிருந்தது. அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. ஆகையால் அவர் நடந்ததும், நின்றதும், கை அசைத்ததும் எவ்விதத்திலும் பதிவாகாமல் போய்விட்டன. நமக்கு மிஞ்சியவை சில புகைப்படங்களும் சில இசைத் தட்டுகளுமே. அக்காலத்துத் தட்டு ஒன்றின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக ஓடும், அவ்வளவுதான். கொட்டகையில் அரை மணி நேரம் விஸ்தாரமாக நடந்ததை மூன்று நிமிஷத்துக்குள் சுருட்டி வைத்த பொட்டலம் அது. "எவரனி" என்னும் தியாகராஜ கீர்த்தனத்தை அவர் பாடிய தட்டைக் கேட்கிறவர்கள், பொட்டலமே இவ்வளவு மணக்கிறதே, பூந்தோட்டம் எப்படியிருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியாது.

இனிச் சொல்லப் போவது பெரியவர் எங்களுக்கு ஒரே ஒரு முறை சொன்ன விஷயம். நாங்கள் சற்று வளர்ந்து மீசை அரும்பிய பிறகுதான் சொன்னார்.

நாடகம் பார்க்க அவரோடு வண்டியில் போனவர்களில் ஒரு சிநேகிதர் நன்றாகப் பாடக்கூடியவர். பஜனை மடத்தில் அவர் பாடினால் தெரு முழுவதும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்குமாம். கிட்டப்பாவைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு அந்தக் குரல் தவிர வேறு நினைவே இல்லை. ஐந்து கட்டைக்கு எட்டிப் பிடிக்கத் தொண்டை கட்டும்வரை பாடுவார்; எட்டாது. அப்பொழுது கடைத்தெருவில் ஒரு வதந்தி உலாவியது: "கிட்டப்பாவின் குரலுக்குக் காரணம் என்ன தெரியுமா? மேடை ஏறுமுன் கொஞ்சம் போட்டுக்கொள்கிறார், தொண்டை திறந்துகொள்கிறது." இதைச் சொன்னவன் கிட்டப்பாவைக் கண்ணால் கண்டவனல்ல. ஆனாலும் சிநேகிதர் நம்பினார். நம்புவதற்கு அவருக்கு ஆசையாயிருந்தது. கள்ளுக்கடையில் ஆரம்பித்துச் சாராயக்கடைக்குப் போனார். இரண்டு காணி புஞ்சை போயிற்று; மாடு போயிற்று; பிறகு குரலும் போயிற்று. நாற்பது வயது நிரம்புமுன் ஆளும் போய்விட்டார். அவர் மனைவி எங்கள் பெரியவர் வேலை பார்த்த அதே மண்டியில் மல்லாட்டை உடைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினாள்.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பெரியவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "முதல் மொந்தைக்குக் காசு கொடுத்தது நான்தான் தம்பி. பாட்டு வரும் என்றானே என்று கொடுத்தேன்" என்றார். அதன் பிறகு அவர் இதைப் பற்றிப் பேசினதே இல்லை.

குடித்தால் தொண்டை திறக்கும் என்பது எவ்வளவு பெரிய பொய் என்பதை இன்று எந்த வைத்தியரும் சொல்லிவிடுவார். மது உடம்பிலுள்ள நீரை வெளியேற்றுகிறது. குரல் நாளத்தின் மேலுள்ள ஈரப் பசை உலர்கிறது. குரலை அடக்கி ஆளுகிற நரம்புகளும் தசைகளும் மந்தமடைகின்றன. குடித்தவனுடைய பாட்டு நன்றாயிருப்பதாகத் தோன்றுவது ஒருவனுக்கு மட்டுமே, அது குடித்தவனுக்கு. கிட்டப்பா பாடியது குடியினால் அல்ல, குடியையும் மீறி. சிறு வயதிலிருந்து பயின்ற பயிற்சி அவரை வெகு தூரம் தாங்கி வந்தது. அதுவும் ஓர் அளவுக்குத்தான் தாங்கும்.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய சமாசாரமல்ல. மேனாட்டில் ராக் ஸங்கீதம் என்று ஒரு வகை உண்டு. மின்சாரக் கிட்டார் ஓசை காதைப் பிளக்கும். அந்த உலகத்தில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் இருவரும் 1970-லும், ஜிம் மாரிஸன் 1971-லும், கர்ட் கோபேன் 1994-லும் மாண்டார்கள். வேறு பாணிப் பாட்டில் புகழ் பெற்ற ஆமி வைன்ஹவுஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 2011-ல் மிதமிஞ்சிய மதுவால் இறந்தாள். இவர்கள் ஐவருக்கும் இறக்கும்போது வயது 27. கிட்டப்பாவின் வயதும் அதுவே. இந்த எண்ணில் ஏதோ மாயம் இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு. மாயம் ஒன்றுமில்லை, முப்பதிலும் நாற்பதிலும் இவ்வாறே மாண்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. வைன்ஹவுஸ் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு பெல்கிரேட் நகரத்து மேடையில் நிற்க முடியாமல் தள்ளாடி, பாட்டு வராமல் தவித்தாள். டிக்கெட் வாங்கி வந்த ஜனங்கள் அவளைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். காசு கொடுத்தவர்களுக்குக் கோபம் வருவது இயற்கைதான். எனினும் அந்தக் கூச்சலில் கலந்துகொண்டவர்கள், அடுத்த மாதம் பத்திரிகையில் மரணச் செய்தியைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள்?

ரஸிகர்களாகிய நமக்கும் இதில் ஏதேனும் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு என்று சொல்லுவதற்கு நிறைய இடமிருக்கிறது. ஐந்து கட்டையில், ஒலிபெருக்கியில்லாமல், இரவு பத்து மணி தொடங்கி விடியும்வரை பாட வேண்டும். ஒரு பாட்டு நன்றாயிருந்துவிட்டால் "ஒன்ஸ் மோர்!" என்று கொட்டகை அதிரும், திரும்பவும் பாட வேண்டும். அதற்கும் "ஒன்ஸ் மோர்" வந்தால் மூன்றாந்தரமும் பாட வேண்டும். மறு நாள் வேறு ஊர். மறுபடியும் கண் விழிப்பு. பிரபல நடிகரின் சிநேகம் வேண்டுமென்று விருந்துக்கு அழைப்பவர்கள், புட்டியோடு வந்து நிற்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. பதினைந்து இருபது வயதிலேயே இந்தச் சுழலில் அகப்பட்டுக்கொண்ட ஒரு பையனுக்கு, "போதும் அப்பா, போய்ப் படுத்துத் தூங்கு" என்று சொல்லுவதற்கு யார் இருந்தார்கள்?

ஆனால் இந்த வாதத்தை வெகு தூரம் இழுத்துக்கொண்டு போவதும் சரியல்ல. ஏனென்றால் இதற்கு எதிர் ஸாக்ஷி ஒருவர் இருக்கிறார். சுந்தராம்பாளும் அதே மேடையில் அதே இரவுகளில் அதே "ஒன்ஸ் மோர்"களுக்குப் பாடியவர்தாம். அவரும் ஏழ்மையில் பிறந்து, சிறு குழந்தையாகவே மேடைக்கு வந்தவர். அவர் பெற்ற குழந்தையும் பிறந்த சில நாளில் இறந்துவிட்டது. கணவர் இறந்தபோது அவருக்கு வயது 25. அந்த வயதில் வெள்ளைச் சேலை உடுத்தி, ஆபரணங்களைத் துறந்து, இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். 1935-ல் வந்த "பக்த நந்தனார்" படத்தில் ஆண் வேஷம் தரித்து நந்தனாராகவே நடித்தார். அதற்காக அவர் பெற்ற லக்ஷ ரூபாய் அன்று நாடெங்கும் பேச்சாயிருந்தது. 1937 தேர்தலில் காங்கிரஸுக்காக ஊர் ஊராகப் பாடினார். 1951-ல் சென்னை மேல்சபையில் அங்கத்தினரானார். 1953-ல் ஔவையாராக அவரைக் கண்டு தமிழ்நாடு கை கூப்பிற்று. 1980-ல் காலமாகும்வரை அவர் குரல் கணீரென்றே இருந்தது. மேடையும் புகழும் துக்கமும் மட்டுமே மனிதனைக் குடிக்குள் தள்ளிவிடும் என்றால், சுந்தராம்பாளையும் தள்ளியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவே குற்றம் முழுவதையும் கொட்டகையின் தலையில் கட்டிவிட முடியாது. கடையின் தலையிலும் கொஞ்சம் கட்டத்தான் வேண்டும்.

கடையைப் பற்றி எங்கள் ஜில்லாக்காரர்களுக்குச் சற்று அதிகமாகவே தெரியும். 1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ஆம் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல் செய்தார். எங்கள் கள்ளக்குறிச்சித் தாலுகாவுக்கு மேற்கே ஆத்தூர். ஆத்தூர் சேலம் ஜில்லா. எல்லைக்கு அப்பால் கடை மூடியிருக்கும். எல்லைக்கு இப்பால் திறந்திருக்கும். "பெண்டுகளெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுக்கப் பார்த்தார்கள்" என்று பெரியவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கள்ளு வருமானம் போன நஷ்டத்தை ஈடு செய்ய ராஜாஜி 1939-ல் விற்பனை வரி என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த வரி இன்றும் வேறு பெயரில் இருந்து வருகிறது. 1948-ஆம் வருஷம் காந்தி ஜயந்தி முதல் சென்னை ராஜதானி முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் அது தளர்த்தப்பட்டது. 1974-ல் திரும்ப வந்தது. பிறகு மீண்டும் போயிற்று. 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து விற்கிறது.

இந்த வரவு போக்குக்கெல்லாம் ஸாக்ஷியாக நிற்கிறது கல்வராயன் மலை. சமவெளியில் கடை மூடினாலும் சரி, திறந்தாலும் சரி, மலைச் சரிவுகளில் ஊறல் போடுபவன் போட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆயிரக்கணக்கான லிட்டர் ஊறலைப் போலீஸார் கண்டுபிடித்துக் கொட்டி அழித்தார்கள் என்ற செய்தி எங்கள் பக்கத்துப் பத்திரிகை வாசகர்களுக்குப் பழகிப்போன செய்தி. 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மெத்தனால் பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் போலவே இருக்கும். உடம்புக்குள் போனதும் ஈரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்தவனுக்குக் கண் இருளுகிறது, வயிறு எரிகிறது, மூச்சுத் திணறுகிறது. மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். அந்தத் தெருவில் வரிசையாகச் சவங்கள் கிடத்தப்பட்டிருந்த புகைப்படத்தைப் பார்த்தபோது, நமக்கு மண்டியில் மல்லாட்டை உடைத்த அம்மாளின் நினைவு வந்தது.

புகழ் பெற்றவன் குடித்து இறந்தால் அதற்கு ஒரு காவிய அழகு வந்துவிடுகிறது. "மேதைக்கு இதெல்லாம் சகஜம்" என்று பேசுகிறோம். கூலிக்காரன் குடித்து இறந்தால், "இவனுக்கு வேண்டியதுதான்" என்கிறோம். ஈரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அந்த இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. மேதையின் குடியை அழகாக்கிப் பேசும் பேச்சுத்தான் கடைத்தெரு வழியாக இறங்கி வந்து, பஜனை மடத்தில் பாடிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் கையில் மொந்தையைக் கொடுத்தது.

ஆகையால், வீட்டில் பிள்ளைகளுக்குக் கிட்டப்பாவின் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்; அவசியம் போட்டுக் காட்டுங்கள். அப்படி ஒரு குரல் நம்மிடையே இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். 1945-ல் வந்த "ஸ்ரீ வள்ளி" படத்தில் டி. ஆர். மகாலிங்கம் பாடியதையும் கேட்கச் செய்யுங்கள். கிட்டப்பாவின் வழி வந்த பாணி எப்படிப்பட்டது என்பது ஓரளவு விளங்கும். கேட்டு முடித்த பிறகு, அவருடைய வயதையும் சொல்லுங்கள். இறந்த காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு சுந்தராம்பாளின் கதையைச் சொல்லுங்கள். மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை பூர்த்தியாகும்.

எங்கள் பெரியவரைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. கோயில் உத்ஸவத்தின்போது ஊரில் கச்சேரிகள் நடக்கும். ஒரு வருஷம் வெளியூரிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பாட வந்தான்; அபாரமாகப் பாடினான். நடுநிசி தாண்டிவிட்டது. ஜனங்கள் விடவில்லை, இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பையனுடைய கண்கள் சொருகின. அவன் தகப்பனாரோ கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தார். அப்போது முன் வரிசையிலிருந்து பெரியவர் எழுந்தார். ஊரிலேயே ஸங்கீதப் பைத்தியம் என்று பெயர் எடுத்தவர் அவர். ஆகையால் அவரும் ஒரு பாட்டுக் கேட்கப் போகிறார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் மேடைக்கு அருகில் போய்ப் பையனிடம் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "போதும். குழந்தை தூங்கட்டும்" என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கியாஸ் லைட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.